எழுபத்திரண்டு துளைகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அப்பாவின் நாற்காலிப் பலகை பிளந்துவிட்டது. நல்லவேளை, அவர் அப்போது அதில் இல்லை. துணி காயப்போடும் மூங்கில் கழி சிக்கிக்கொண்டதென்று நான்தான் அதன்மேல் ஏறி நின்றேன். சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த அப்பா என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியைப் பார்த்தார். "கீழே கொண்டுபோய்ப் போட்டுடாதேம்மா" என்றார். அவ்வளவுதான்.

அது தாத்தா வாங்கிய நாற்காலி. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காப்பிக் கடை மூடப்பட்டபோது, அங்கிருந்த சாமான்களில் இரண்டு நாற்காலிகளை எடுத்து வந்தாராம். வளைந்த முதுகு, சற்றே விரிந்த கால்கள், வட்டமான இருக்கை. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பளிங்கு மேசையைச் சுற்றி நிற்குமே, அதேதான். எங்கள் தோ பாயோ வீட்டில் ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று பழைய நாளிதழ்களுக்கு.

மறுநாள் பலகையைப் பெயர்த்தேன். வட்டமாக அறுத்த பிளைவுட், 14 துருப்பிடித்த ஆணிகள். ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிப் பலகையைத் தூக்கியதும் கீழே மர வளையம் தெரிந்தது. அதில் வரிசையாகக் குழிகள், எல்லாவற்றிலும் பழுப்புப் பெயின்ட் அடைத்திருந்தது. கரையான் வேலை என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன். மகள் ஒரு பல்குச்சியால் குத்திப் பார்த்தாள். குச்சி மறுபக்கம் வந்தது. சுற்றி வந்து எண்ணினாள். 72 துளைகள், சம இடைவெளியில்.

"அம்மா, இது பிரம்பு பின்னின நாற்காலி."

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பலகைதான் நாற்காலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பாலிடெக்னிக்கில் உள்ளரங்க வடிவமைப்பு படிக்கிறாள். அவள் அறைச் சுவர் முழுக்க வடிவமைப்பாளர்களின் படங்கள்: இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் முற்றங்கள், சண்டிகர் நாற்காலிகள், ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இசே மியாகேயின் மடிப்பு உடைகள், இலங்கையின் பார்பரா சன்சோனியின் கைத்தறிக் கோடுகள். அழகான படங்கள்தான். ஆனால் படத்தைப் பார்த்து வீட்டை மாற்றினால் வீடு படம் மாதிரி ஆகிவிடுகிறது, மனிதர்கள் உட்கார இடம் இருப்பதில்லை. எனக்கு இதில் உறுதியான எண்ணம் உண்டு. ஒரு வடிவமைப்பாளரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் செய்த பொருளின் தோற்றத்தை அல்ல, அவர் எந்தச் சிக்கலை எந்த வரிசையில் அவிழ்த்தார் என்பதை. இந்த நாற்காலியை அப்படிச் சரிசெய்து பார்க்கலாம் என்று இருவரும் முடிவுசெய்தோம்.

முதலில் கேள்விகள். 1958இல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் உருவாக அதுதான் அடிப்படை. இந்தியாவில் பார்த்த பொருள்களில் அவர்களை மிகவும் கவர்ந்தது நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி உட்கார வேண்டும், ஊற்றும்போது கனம் எந்தப் பக்கம் சாயும், கழுவுவது எப்படி என்று ஒரு செம்பைச் செய்ய யோசிக்க வேண்டியவற்றை அறிக்கையில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நாங்களும் ஒரு தாளில் எழுதினோம். உட்காருபவருக்கு 78 வயது. முழங்கால் வலி உண்டு. கைப்பிடி இல்லாததால் இருக்கையின் விளிம்பில் கையூன்றித்தான் எழுகிறார். வீட்டில் எப்போதும் வேட்டி. ஆகவே விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும், பிரம்பில் சிலும்பு இருக்கக் கூடாது, வேட்டி மாட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி வரியை எழுதியிருக்காவிட்டால் வேலையின் முடிவில் ஒரு முக்கியமான கட்டத்தைத் தவறவிட்டிருப்பேன்.

நாற்காலியின் பூர்வீகத்தைத் தேடினால் மிகைல் தோனெட்டிடம் போய் நிற்கிறது. ஜெர்மனியின் போபார்டில் பிறந்து, வியன்னாவுக்குக் குடிபோன தச்சர். அவர் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலிதான் உலகம் முழுக்கக் காப்பிக் கடைகளில் உட்கார்ந்தது. மொத்தம் 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலில் ஏற்றி, போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ளலாம். 1869இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் இதே மாதிரியைச் செய்யத் தொடங்கின. எங்கள் நாற்காலியில் செய்தவர் முத்திரை ஏதும் இல்லை. அதனால் இதை வளைமர நாற்காலி என்று மட்டும் சொல்கிறேன்.

மரத்தை வளைப்பது தோனெட்டுக்கு முன்பும் இருந்தது. பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்தால் வளையும். ஆனால் வளைக்கும்போது வெளிப்பக்கம் நீண்டு வெடித்துவிடும். அவர் செய்தது, வெளிப்பக்கத்தில் ஓர் எஃகுப் பட்டையைக் கவ்விப் பிடித்தபடி வளைத்தது. பட்டை நீளவிடாது. அதனால் மரம் உள்பக்கமாக நெருங்குமே தவிர வெளியே கிழியாது. வெந்த மரம் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது என்பதை உணர்ந்தவரின் வேலை இது. நாற்காலியின் முதுகு வளைவைத் தடவிப் பார்த்தேன். பின்காலில் தொடங்கி, தலைக்கு மேல் சுற்றி, அடுத்த பின்காலில் இறங்கும் ஒரே கம்பு. இத்தனை வருடம் தினமும் தொட்டிருக்கிறேன். ஒரே கம்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பெயின்ட் உரிப்பதை ஒரே வார இறுதியில் முடித்தேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, தூசி மூச்சில் போகும். பசை மாதிரி இருக்கும் உரிப்பானைப் பூசி, ஊறவிட்டு, ஈரமாகவே வழித்தெடுத்தேன். சமையலறைப் பின்கட்டில், ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை, முகக்கவசத்தோடு. பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்ததும் அது பிசுபிசுத்தது. ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. அதை உரிக்கவில்லை. அதன்மேலேயே புது அரக்குப் பூச்சை இரண்டு கை பூசினேன். பழைய அரக்கும் புதிய அரக்கும் ஒன்றோடொன்று கரைந்து சேர்ந்துகொள்ளும் என்பது இந்தப் பூச்சின் பெரிய வசதி.

முதுகு ஆடிக்கொண்டிருந்தது. திருகாணித் துளைகள் தேய்ந்து பெரிதாகிவிட்டிருந்தன. மூங்கில் சாப்ஸ்டிக்கைச் சீவி, மரப்பசையில் தோய்த்து, துளைக்குள் இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, நடுவில் சிறிதாகத் துளையிட்டுப் பழைய திருகாணியையே போட்டேன். ஆட்டம் நின்றது.

அப்புறம் பிரம்பு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாற்காலி பின்னும் பிரம்பு என்பது பிரம்புக் கொடியின் மேல்தோலைப் பட்டையாகச் சீவி எடுத்தது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. அகலத்தை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, துளைகள்தான் சொல்லும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை அளந்தேன். கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். துளையின் விட்டம் 5. இந்த அளவுக்கு 2.5 மில்லிமீட்டர்ப் பட்டை. இடைவெளி 12 அல்லது 13 என்றால் 2.25 மில்லிமீட்டர் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். 2.5 என்று சொல்லிக் கொடுத்த கட்டை வீட்டில் அளந்தால் 3.5. திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். 35 சிங்கப்பூர் வெள்ளி போனது, அதைவிட ஒரு வாரம் போனது. அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கட்டைப் பிரிக்கச் சொல்லி அங்கேயே அளந்து வாங்குங்கள். ஒரு காலத்தில் போர்னியோ, சுமத்ரா காடுகளின் பிரம்பில் பெரும்பகுதி சிங்கப்பூர் துறைமுகம் வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. அந்த ஊரில் ஒரு கட்டுப் பிரம்புக்காக இவ்வளவு அலைந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் இணையத்தில் 80 மீட்டர்க் கட்டு ஒன்று கிடைத்தது.

துளைபோட்ட சிறு மரச்சட்டம் ஒன்றில் முதலில் பின்னிப் பழகினேன். 15 சென்டிமீட்டருக்கு 15. இந்த யோசனை பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மாட்லென் வியோனேயிடம் வந்தது. அவர் உடையைத் தாளில் வரைந்து தொடங்க மாட்டார். பாதி அளவில் ஒரு மரப்பொம்மை வைத்திருந்தார். துணியை அதன்மேல் போட்டு, திருப்பி, குண்டூசி குத்தி, விழுகிற விதம் பிடிபட்ட பிறகுதான் முழு அளவுக்குப் போவார். கைக்கு முதலில் கற்றுக்கொடுத்துவிடும் முறை. சட்டத்தில் மூன்று முறை பின்னிப் பிரித்தேன். விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது என்று நம்பி நாற்காலிக்கு வந்தேன்.

நம்பிக்கை இரண்டு மாலைகளில் உடைந்தது. பின்னலின் முதல் சுற்று முன்பின்னாகப் போகிறது. நெசவில் பாவு மாதிரி. அதை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டினேன். இரண்டாம் சுற்று இடவலமாக, அதன்மேல் சும்மா படுக்கிறது. அதையும் இறுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காம் சுற்றில்தான் உண்மையான பின்னல் தொடங்கும். அங்கே பட்டை நுழையவே இல்லை. ஊசியால் நெம்பினேன். இரண்டு பட்டைகள் அறுந்தன. போதாக்குறைக்கு மீதிப் பட்டைகளை இரவு முழுக்கத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் நிறம் மங்கிச் சாம்பல் பூத்திருந்தது.

பக்கத்து புளோக்கில் ஒரு மலாய் அங்கிள் இருக்கிறார். இளவயதில் பிரம்புச் சாமான் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று ஈரச்சந்தையில் பேச்சுவாக்கில் தெரிந்தது. வந்து பார்த்தார். இருக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "ரோத்தான் காயும்போது தானே இறுகும். நீ இப்போதே இறுக்கினால் அது எங்கே போகும்?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். கத்தரியை என்னிடமே கொடுத்தார். இரண்டு மாலை வேலையை வெட்டி எடுத்தேன். கஷ்டமாக இருந்தது. ஆனால் தோனெட்டின் எஃகுப் பட்டை சொன்ன சேதியும் இதுதானே என்று அப்போது உறைத்தது. பொருள் எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு இடம் விட்டு வேலை செய்ய வேண்டும். படத்தைப் பார்த்து இது எனக்குத் தெரிந்திருக்காது.

அங்கிள் சொல்லிக்கொடுத்தபடி மறுபடி தொடங்கினேன். பட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்தால் போதும். பயன்படுத்தும் இரண்டை மட்டும் ஊறப்போட வேண்டும். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே. பின்பக்க நடுத்துளையில் ஒரு பட்டையைச் செருகி, அடியில் ஒரு சாண் வால் விட்டு, துளையில் ஒரு முளையைக் குத்தி நிறுத்த வேண்டும். சாப்ஸ்டிக் நுனிகளைச் சீவி இருபது முளைகள் செய்துவைத்தேன். முதல் துளைக்கு நேர் எதிரே இருப்பது 37ஆவது துளை. பட்டை அங்கே இறங்கி, பக்கத்துத் துளையில் ஏறி, மறுபடி பின்னால் வருகிறது. இப்படி நடுவிலிருந்து ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம். வட்ட இருக்கையில் ஒரு தந்திரம் உண்டு. ஓரத்துக்குப் போகப்போகத் துளைகள் வளைந்து போகும், பட்டைகளோ இணையாகவே இருக்க வேண்டும். அதனால் சில துளைகளைத் தாண்டிப் போக வேண்டும். எந்தத் துளை என்பதை எண்ணிக்கை சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். நான் நாற்காலியை விட்டு நான்கு அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மூன்றாம் சுற்று, முதல் சுற்று போன அதே துளைகளில், அதே திசையில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி. நான்காம் சுற்று இடவலமாக ஊடை மாதிரி போகும்: மூன்றாம் சுற்றுப் பட்டைக்கு மேலே, முதல் சுற்றுப் பட்டைக்குக் கீழே. இது முடிந்ததும் எல்லாம் இரட்டை இரட்டையாக நின்று சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள் தெரியும். ஈர விரலால் தட்டித் தட்டிக் கட்டங்களை நேராக்கினேன். இந்த இடத்தில் அரை மணி நேரம் செலவழித்தால் அடுத்த இரண்டு சுற்றுகளில் நான்கு மணி நேரம் மிச்சம்.

ஐந்தும் ஆறும் மூலைவாட்டு. ஐந்தாம் சுற்றில் பட்டை இடவல இரட்டைகளுக்கு மேலே, முன்பின் இரட்டைகளுக்குக் கீழே. ஆறாம் சுற்றில் எதிர் மூலையிலிருந்து, எல்லாம் தலைகீழ். சரியாகப் போனால் பட்டை வழுக்கிக்கொண்டு போகும். தப்பாகப் போனால் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் கடித்து இழுக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். வியோனே இங்கேயும் நினைவுக்கு வந்தார். 1920களில் அவரைப் புகழுக்குக் கொண்டுபோனது துணியை மூலைவாட்டில் வெட்டியதுதான், நம் தையற்கடைகளில் கிராஸ் என்று சொல்வார்களே, அது. துணியைப் பாவின் வழியிலோ ஊடையின் வழியிலோ இழுத்தால் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நீண்டு கொடுக்கும், உடம்போடு ஒட்டி விழும். சதுரக் கட்டத்தின் பலவீனம் மூலையில் இருக்கிறது என்பதே அதற்குக் காரணம். வியோனே அந்தப் பலவீனத்தை அழகாக்கினார். பிரம்பு பின்னுகிறவர்கள் அதே பலவீனத்தை இரண்டு மூலைவாட்டுப் பட்டைகளால் பூட்டிவிடுகிறார்கள். ஒருவர் வளைந்துகொடுக்க வேண்டிய உடையைச் செய்தார், இன்னொருவர் வளையக் கூடாத இருக்கையைச் செய்தார். இரண்டும் ஒரே அறிவு. ஆறாம் சுற்று முடிந்தபோது கட்டங்கள் எட்டு மூலையுள்ள சிறு ஜன்னல்களாக மாறியிருந்தன. நானும் மகளும் விளக்கைக் கீழே வைத்து, தரையில் விழுந்த நிழலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் விளிம்பு. அகலமான பட்டை ஒன்றைத் துளைகளின் மேல் சுற்றிலும் வைத்து, மெல்லிய பட்டையால் ஒரு துளை விட்டு ஒரு துளையாக ஏற்றி இறக்கிக் கட்டுவது. பிறகு அடிப்பக்கத்து வால்களை முடிந்து வெட்ட வேண்டும். இங்கேதான் அந்த வேட்டி வரி உதவியது. உள்ளங்கையால் தடவினால் மயிரிழை போன்ற சிலும்புகள் நிறைய இருந்தன. பிரம்பை நன்றாக ஈரமாக்கி, சின்னச் சுடரை மேலோட்டமாக ஒரு நொடி காட்டினால் அவை பொசுங்கிவிடும். அங்கிள் செய்து காட்டிய பிறகு அவர் கண்முன்னே நான் செய்தேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து இருக்கை முழுக்க இழுத்துப் பார்த்தோம். ஓர் இடத்தில் மாட்டியது. அதையும் எடுத்தேன்.

மொத்தம் 26 மணி நேரம், மூன்று வாரம், ஏறக்குறைய 70 மீட்டர்ப் பிரம்பு. பிரம்பின்மேல் வார்னிஷ் அடிக்கவில்லை. சொரசொரப்பான அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சும். இருக்கை பின்னாளில் தொய்ந்தால் அடியில் ஈரத்துணியால் ஒற்றிக் காயவிட்டாலே மறுபடி இறுகும். வார்னிஷ் அடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஏசி அறையில் வைத்தால் பிரம்பு வறண்டு வெடிக்கும் என்பதால் கூடத்தில்தான் வைக்கப்போகிறோம் என்பதும் அப்போதே முடிவானது.

மகள் படத்தில் பார்த்த சண்டிகர் நாற்காலிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1925இல் பாரிஸ் கண்காட்சிக் கூடத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே போட்டது தோனெட்டின் வளைமர நாற்காலிகளைத்தான். அதே லெ கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே, 1950களில் சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது அங்கே போய் 1965 வரை தங்கிவிட்டார். அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்புமாக நாற்காலிகள் செய்யவைத்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்கள் உடன் உழைத்தார்கள். செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்களும் பிரம்பு பின்னுகிறவர்களும். தேக்கு அங்கே கிடைத்தது, பின்னும் கைகள் அங்கே இருந்தன, வெயிலுக்குப் பிரம்பு காற்று விடும். அவ்வளவு எளிய காரணங்கள். பிற்காலத்தில் உடைந்துபோனவையென்று மொட்டை மாடிகளில் குவித்து, பழைய சாமானாக விற்ற அதே நாற்காலிகள்தான் இன்று வெளிநாட்டு ஏலங்களில் பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. விலை ஏறியதில் எனக்கு வருத்தமில்லை. ஏலக் குறிப்புகளில் பின்னியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லாததுதான் வருத்தம். தமிழ்நாட்டில் அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னியவர்களில் பார்வையற்றவர்கள் பலர். மூலைவாட்டுப் பட்டை தப்பாகப் போனால் கைக்குத் தெரியும் என்று மேலே சொன்னேனே, 26 மணி நேரத்தில் எனக்கு லேசாகப் பிடிபட்ட அது அவர்களுக்கு வாழ்நாள் அறிவு.

நாற்காலி தயார். எங்கே வைப்பது?

இதற்குப் பாவாவிடம் போனோம். வழக்கறிஞராகத் தொடங்கி, 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கை என்ற தோட்டத்தை வாங்கி, அதைத் திருத்தப்போய்க் கட்டடக் கலைக்குள் வந்தவர். அவருடைய நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பங்குதாரராக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். மதுரையில் ஒரு கிளப் கட்டடத்தையும் 1970களில் பாவா வடிவமைத்திருக்கிறார். லுனுகங்கையில் காலைக்கு ஓர் இடம், மதியத்துக்கு ஓர் இடம், மாலைக்கு ஓர் இடம் என்று உட்காரும் இடங்களைப் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு ஓசையுள்ள மணி. எந்த மணி ஒலிக்கிறது என்பதை வைத்து, அவர் எங்கே இருக்கிறார் என்று வேலையாட்களுக்குத் தெரிந்துவிடும்.

நாலறை வீட்டில் தோட்டம் இல்லை. ஆனால் பொழுது இருக்கிறது. ஒரு ஞாயிறு முழுக்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினோம். காலை ஏழரைக்கு வாசல் கிராதி அருகே நல்ல காற்று, நடைபாதையில் போகிறவர்கள் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். பத்து மணிக்கு அங்கே வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. மாலை நான்கு மணிக்குக் கூடத்து ஜன்னலில் மேற்கு வெயில் நேராக அடிக்கிறது. ஐந்தரைக்குப் பிறகு அதே இடம்தான் வீட்டிலேயே நல்ல இடம். ஆக ஒரு நாற்காலிக்கு இரண்டு இடங்கள். அது மூன்று கிலோவுக்குமேல் இருக்காது, அப்பாவே ஒரு கையால் நகர்த்திக்கொள்கிறார்.

மேற்கு வெயிலுக்குத் திரை வேண்டியிருந்தது. அம்மாவின் கண்டாங்கிச் சேலை ஒன்று பெட்டியில் இருந்தது. காரைக்குடிப் பக்கத்து நெசவு, அரக்குச் சிவப்பில் கடுகு மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. அதை வெட்ட மனம் வரவில்லை. வெட்டவும் வேண்டாம் என்று சொன்னவர் இசே மியாகே. ஒரே துண்டுத் துணியும் உடம்பும், இடையில் இருக்கும் காற்றும் என்பதுதான் 1970களிலிருந்து அவர் விடாமல் பிடித்துக்கொண்ட சிந்தனை. சேலை கட்டும் நமக்கு அது புதிதே இல்லை. ஐந்தரை மீட்டர்ச் சேலையைக் கம்பியின் மேல் நடுவாக மடித்துப் போட்டால் இரு பக்கமும் 2.75 மீட்டர். எங்கள் கூரை 2.6 மீட்டர். கீழே மடித்துக் கையால் நூலோட்டம் ஓட்டினேன். வெயில் இரண்டு அடுக்குத் துணி வழியாக வரும்போது கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புதுக் கட்டங்கள் உண்டாகின்றன. நாளாக ஆக வெயில் படும் பக்கம் வெளுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளதை வெளியே திருப்பிப் போடலாம் என்று இருக்கிறேன்.

இவ்வளவு அடர்த்தியான நிறம் சின்ன வீட்டுக்கு அதிகமோ என்று முதலில் தயங்கினேன். மகள் சன்சோனியின் கைத்தறிக் கோடுகளைக் காட்டினாள். கொழும்பில் கன்னியாஸ்திரீகள் நடத்திய நெசவுக் கூடத்துப் பெண்களுக்கு வடிவம் வரைந்து கொடுக்கத் தொடங்கி, 1964இல் பேர்ஃபுட் நிறுவனத்தை உருவாக்கியவர். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு, அதற்குப் பக்கத்தில் பச்சை. நம் ஊர் வெயிலில் மங்கல் நிறங்கள் அழுக்காகத் தெரியும், அடர்ந்த நிறங்கள் நிமிர்ந்து நிற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் சரோங் கெபாயாவையும் நினைத்துக்கொண்டேன். 1968இல் பாரிஸின் பியர் பால்மான் வடிவமைத்தது. இங்கே பெண்கள் உடுத்திவந்த உடையின் அமைப்பைக் கலைக்காமல், வெட்டை மட்டும் சீர்ப்படுத்தினார். அரை நூற்றாண்டுக்குமேல் மாறாமல் நிற்கிறது. சேலையையும் அப்படியே விட்டேன்.

தீபாவளி அன்று காலை அப்பா எண்ணெய்க் குளியல் முடித்து, புது வேட்டியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிரம்பு கிறீச்சென்றது. புதுப் பின்னல் சில வாரம் அப்படித்தான் பேசும். எழுந்து, திரும்பி, இருக்கையின் மேல் விரலால் தட்டிப் பார்த்தார். மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. மறுபடி உட்கார்ந்தார். "சின்ன வயசில் இது இப்படித்தான் இருந்தது. கீழே ஒளிந்துகொண்டு இந்த ஓட்டை வழியாக மேலே பார்ப்பேன்" என்றார். பலகை அடித்தது எப்போது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பின்னலைத் தடவிக்கொண்டிருந்தார்.

போன வாரம் இரண்டாவது நாற்காலியின் நாளிதழ்களை இறக்கிவைத்துவிட்டு அதன் பலகையையும் பெயர்த்தேன். அதிலும் 72 துளைகள். முன்பக்கத்து ஒரு துளையில் பெயின்டுக்கடியில் பழைய பிரம்புத் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. சாமணத்தால் இழுத்து எடுத்தேன். கறுத்து, விரல் நீளத்துக்கு, நுனியில் முடிச்சோடு. அளந்தால் சரியாக 2.5 மில்லிமீட்டர். முடிச்சு நான் போடுவது மாதிரி இல்லை, இரண்டு சுற்று சுற்றி எதிர்த் திசையில் இழுத்திருக்கிறது. அவிழ்க்காமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கிளிடம் காட்ட வேண்டும். அதுவரை பட்டைகளை ஊறப்போடப் போவதில்லை.